50-ம் நம்பர் தாயத்து



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பற்றியதாகும். கடைக்காரர்கள் இதை சன்ஸ்கிரீன் என்கிறார்கள். இந்த மேடையில் முகத்துக்குப் பூசும் சரக்கைப் பற்றிப் பேச என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். நாம் சொல்லுவதெல்லாம் இதுதான்: ஒரு மனிதன் தான் காசு கொடுத்து வாங்கும் பண்டத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், அது மெய்தானா என்று கேட்காமல், எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகவே நம்பி வாங்குவானேயானால், அவன் கையில் இருப்பது களிம்பானால் என்ன, தாயத்தானால் என்ன?

கடைத் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். புட்டியின் மேல் எஸ்.பி.எஃப். 15 என்றும், 30 என்றும், 50 என்றும் போட்டிருக்கும். வாங்க வருகிறவர் 50 கொடு என்கிறார். ஏனய்யா 50 என்றால், நூற்றுக்கு 50 பங்கு வெயிலைத் தடுக்கும் என்கிறார் ஒருவர். 50 நிமிஷம் தாங்கும் என்கிறார் இன்னொருவர். 50 போட்டால்தான் சீக்கிரம் சிவப்பாகலாம் என்கிறார் மற்றொருவர். மூன்றும் தப்பு. மூவரும் பணம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

முதலில் வெயில் நம்மை என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெயிலில் நாம் உணருவது சூடு. நாம் காண்பது வெளிச்சம். தோலைக் கெடுப்பது பெரும்பாலும் இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத, தொட்டாலும் சுடாத புற ஊதாக் கதிர். 1801-ம் வருஷத்தில் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர், வெள்ளி உப்பு ஊதா நிறத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இருட்டு இடத்தில் அதிகமாய்க் கறுப்பதைக் கண்டு இதைக் கண்டுபிடித்தார். இதில் யூ.வி.பி. என்றும் யூ.வி.ஏ. என்றும் இரண்டு ஜாதி தரைக்கு வந்து சேருகின்றன. (கதிரிலுமா ஜாதி என்று சிரிக்கிறீர்கள். இந்த ஜாதியை அளந்து பார்க்க முடியும், அதுதான் வித்தியாசம்.) யூ.வி.பி. தோலின் மேல்படையைச் சுட்டுச் சிவக்க வைப்பது. யூ.வி.ஏ. ஆழமாய் இறங்கித் தோலைச் சுருங்கவும் தளரவும் கறுக்கவும் வைப்பது. வந்து சேருகிற புற ஊதாவில் நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாமல் யூ.வி.ஏ.தான். இவ்விரண்டும் தோலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் பரம்பரைச் சரட்டைக் கெடுக்கின்றன. உடம்பு அதைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது. பழுது பார்க்க முடியாமல் விட்டது சேர்ந்து சேர்ந்து பல வருஷம் கழித்துப் புற்றாகக் கிளம்பலாம்.

சூடு வேறு, இந்தக் கதிர் வேறு என்பதைத் தெரிந்துகொள்ளாததால்தான் நம் ஜனங்கள் உதகமண்டலத்துக்குப் போய், குளிராக இருக்கிறதே என்று பகல் முழுவதும் வெளியில் திரிந்துவிட்டு, முகம் கன்றித் திரும்பி வந்து, மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். காற்றின் மேல் என்ன குற்றம்? 1,000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவிகிதம் கூடும். உதகையோ 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெல்லிய மேகம் இருந்தாலும் கதிரில் பெரும்பகுதி புகுந்து வந்துவிடும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி.யை நிறுத்தும், யூ.வி.ஏ.யில் பெரும்பகுதியை விட்டுவிடும். 2012-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் 69 வயதுள்ள ஒரு வண்டியோட்டியின் படம் வெளிவந்தது. 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டியவர். அந்த நாட்டில் ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் ஜன்னல். அவருடைய முகத்தின் வலது பாதி ஒரு மனிதனுடையது போலவும், இடது பாதி அவனுடைய தகப்பனாருடையது போலவும் தடித்துச் சுருங்கிக் கிடந்தது. நம் ஊர் பஸ்ஸிலும் லாரியிலும் ஓட்டுகிறவருக்கு வலது பக்கம் ஜன்னல். அடுத்த முறை ஏறும்போது அவருடைய வலது கையையும் இடது கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிற்க, அந்த எண் எப்படி வந்தது என்ற சங்கதிக்கு வருவோம். ஆஸ்திரியாவில் பிரான்ஸ் கிரைட்டர் என்ற ரசாயனக்காரர் மலையேறுகிறவர். அவர் செய்த பனிமலைக் களிம்பு 1946-ல் கடைக்கு வந்தது. இந்தக் காலத்துக் கணக்கில் அதற்கு எண் 2-தான் தேறும் என்கிறார்கள். களிம்பின் பலத்தை எண்ணாகச் சொல்லும் முறை பின்னால் அவரால் பரவி, 1978-ல் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவும் அதை எடுத்துக்கொண்டது. அளப்பது எப்படியென்றால், வெளுத்த தோலுள்ள சிலரைப் படுக்கவைத்து, முதுகில் ஒரு இடத்தில் களிம்பு பூசியும் மற்றொரு இடத்தில் பூசாமலும், சூரியனைப் போன்ற விளக்கொன்றின் கதிரைச் சிறிது சிறிதாய்க் கூட்டிப் படவைக்கிறார்கள். மறுநாள் பார்க்கிறார்கள். பூசாத இடம் சிவக்க ஒரு பங்கு கதிர் வேண்டியிருந்தது, பூசின இடம் சிவக்க 30 பங்கு வேண்டியிருந்தது என்றால் அந்தக் களிம்புக்கு எண் 30. சங்கதி இவ்வளவுதான். இதில் மணிக்கணக்கும் இல்லை, சதவிகிதமும் இல்லை, சிவப்பாவதும் இல்லை. சிவக்கிறது என்பது வெந்து சிவக்கிறது!

இதிலிருந்து கணக்கு எளிது. எண் 15 என்றால் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது. 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது நூறு பங்கில் 15-ம் நம்பர் 93-ஐயும், 30-ம் நம்பர் 97-ஐயும், 50-ம் நம்பர் 98-ஐயும் தடுக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, 30-க்கும் 50-க்கும் ஒரு சதவிகிதம்தானே வித்தியாசம், எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று சொல்லுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். நாம் அதையும் ஒப்புக்கொள்ளுவதில்லை. ஓடு ஒழுகுகிற வீட்டில், கூரை மேல் எவ்வளவு மழை நின்றது என்றா பார்ப்பீர்கள்? உள்ளே எவ்வளவு சொட்டியது என்றுதானே பார்ப்பீர்கள்? 30-ல் நூற்றுக்கு மூன்றே கால் பங்குக்குமேல் சொட்டுகிறது, 50-ல் இரண்டு சொட்டுகிறது. வித்தியாசம் உண்டு.

ஆனால் அந்த வித்தியாசம் சோதனைச் சாலையில் உள்ளது. நம் வீட்டுக் கண்ணாடி முன்னால் உள்ளதா என்பதுதான் கேள்வி. சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். சாதாரண ஜனங்கள் பூசுவதை அளந்து பார்த்ததில் அதில் பாதிக்கும் கால்பங்குக்கும் நடுவில்தான் இருக்கிறது. பாதி பூசினால் எண்ணும் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். 50 என்று வாங்கி, சந்தனம் தொட்டு வைப்பது போல நான்கு பொட்டு வைத்துத் தேய்த்துக்கொண்டு போகிற வாலிபர் பன்னிரண்டோ பதினைந்தோதான் பூசியிருக்கிறார். மீதி எண் புட்டியில் இருக்கிறது!

சோதனையில் பூசின அளவுக்கு நாமும் பூசினால் என்ன ஆகும்? ஒரு ஆளின் உடம்பு முழுதும் ஒரு தடவை பூச 30 கிராமுக்கு மேல் வேண்டும். வியர்வையில் கரைந்து போவதால் வெளியில் இருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடியும் பூச வேண்டும். காலை எட்டு மணிக்கு வயலில் இறங்கி மாலை நாலுக்கு ஏறுகிறவர் நாலு தரம் பூசுவதானால் 120 கிராம். கடையில் விற்கிற 50 கிராம் டியூப் இரண்டரை வேண்டும், ஒரு நாளைக்கு! அன்றைய கூலி முழுவதும் டியூபுக்குப் போய்விடும், அதுவும் போதாது. ஆகவே இந்தப் பண்டம் உடம்பு முழுவதற்கும் அல்ல, துணியால் மூட முடியாத முகம், காது, பிடரி, கழுத்து, புறங்கை ஆகியவற்றுக்கு என்று வைத்துக்கொள்ளுவதே நியாயம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் சரியான அளவுக்கு ஏறக்குறைய வரும்.

எண்ணோடு கூடப் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. எஸ்.பி.எஃப். என்பது தோல் வெந்து சிவப்பதைக் கொண்டு அளந்தது. சிவக்க வைப்பது முக்கியமாய் யூ.வி.பி. ஆகையால் யூ.வி.ஏ.யைப் பற்றி அந்த எண் சரியாக ஒன்றும் சொல்லாது. அதற்காக ஜப்பானில் 1996-ல் பி.ஏ. என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறி போடும் வழக்கம் வந்தது. முதலில் மூன்று குறி வரையில் இருந்தது, 2013-ல் நாலாவது சேர்ந்தது. ஐரோப்பாவில் யூ.வி.ஏ. காப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்று எழுதுகிறார்கள். எண் பெரிதாகவும் கூட்டல் குறியே இல்லாமலும் இருக்கிற டியூபை நாமானால் தொடமாட்டோம்.

எண் அச்சடித்திருக்கிறதே, பொய்யா போடுவான் என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். அந்த நாட்டில் வெயில் காப்புக் களிம்பு சட்டப்படி மருந்து வகையைச் சேர்ந்தது. நம் நாட்டில் அது ஸ்நோ, பவுடர் வரிசையில் அழகுச் சாமான். அப்படி மருந்தாக வைத்துக் கண்காணிக்கிற அந்த நாட்டிலேயே, 2025-ல் சாய்ஸ் என்ற நுகர்வோர் சங்கத்தார் 20 களிம்புகளை வாங்கிச் சோதித்ததில் 16 களிம்புகள் மேலே போட்ட எண்ணுக்கு எட்டவில்லை என்று கண்டார்கள். 50-க்கு மேல் என்று போட்டிருந்த ஒன்று, அதுவும் விலை உயர்ந்தது, 4-ல் வந்து நின்றது! கம்பெனியார் முதலில் மறுத்தார்கள், பிறகு சில வாரங்களில் தாங்களே அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சோதனைக்குச் சோதனை எண் கொஞ்சம் ஏறியிறங்கும் என்பது வாஸ்தவம். 50 என்பது 4 ஆகிற ஏற்றயிறக்கம் எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

இதைக் கேட்டவுடன், பார்த்தீர்களா, எல்லாம் மேல்நாட்டுப் புரட்டு, நம் பாட்டி பூசின மஞ்சளும் தேங்காயெண்ணெயுமே போதும் என்று ஒருவர் கிளம்புவார். அவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் வெயில் காப்பாக நம்பத்தக்கவை அல்ல. பாட்டி பூசினாள் என்பது அளவு ஆகாது. அளந்து பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அதே ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் நாம்பூர் என்று ஒரு ஊர். 1992 முதல் 1996 வரையில் அவ்வூரார் 1,621 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதியாரைத் தினந்தோறும் தலை, கழுத்து, கைகளில் களிம்பு பூசச் சொல்லிக் களிம்பும் கொடுத்தார்கள். மறுபாதியார் தங்கள் இஷ்டப்படி இருந்தார்கள். முடிவில் தினம் பூசினவர்களுக்குள் ஒரு வகைத் தோல் புற்று சுமார் 40 சதவிகிதம் குறைவாயிருந்தது. மற்றொரு வகையில் வித்தியாசம் காணவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். அதற்குமேல் பத்து வருஷம் பொறுத்துப் பார்த்தபோது, மெலனோமா என்கிற கொடிய புற்று இஷ்டப்படி இருந்தவர்களில் 22 பேருக்கும் தினம் பூசினவர்களில் 11 பேருக்கும் வந்திருந்தது. தோழர்களே, அவர்களுக்குக் கொடுத்த களிம்பின் எண் எவ்வளவு தெரியுமா? 16! ஐம்பதும் அல்ல, நூறும் அல்ல. தினம் தவறாமல் பூசின 16 இவ்வளவு செய்திருக்கிறது.

ஆனால் நாம்பூர்க் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊரில் பயமுறுத்துகிறதும் யோக்கியமல்ல. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். நம் தோலில் உள்ள கறுப்பு நிறமே ஒரு குடை. 1979-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், வெள்ளைத் தோலின் மேல்படை வழியே யூ.வி.பி. நூற்றுக்கு 24 பங்கும், கறுப்புத் தோலின் வழியே சுமார் 7 பங்கும் புகுந்ததாகக் கண்டார்கள். நாம் பெரும்பாலும் நடுவில் இருக்கிறோம். வெயிலால் வரும் தோல் புற்று நம்மவர்களுக்குக் குறைவு. எந்தக் கறுப்பை இழிவென்று பெண் பார்க்கப் போகிற வீட்டில் முகம் சுளிக்கிறார்களோ, அந்தக் கறுப்புதான் அவர்களையும் அவர்கள் பாட்டன் முப்பாட்டனையும் காத்துவந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் வியாபாரிகளின் பித்தலாட்டம் இருக்கிறது. வெயிலில் வேகாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. வெளுக்க வேண்டும் என்பது வேறு ஒன்று. இரண்டையும் ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்கள். 1975-ல் கிளம்பிய ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 45 வருஷம் வெளுப்பை விற்றுவிட்டு, உலகமெங்கும் கண்டனம் கிளம்பிய பிறகு 2020-ல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினால் ஆசை மாறிவிடுமா? சன்ஸ்கிரீன் யாரையும் வெளுக்க வைக்காது. வெயிலால் மேற்கொண்டு கறுப்பதையும் மங்கு பரவுவதையும் தடுக்கலாம், அவ்வளவுதான். மங்குக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் காரணமாவதால், அதற்கு இரும்புத் துரு நிறம் சேர்த்த களிம்புதான் மேலானது. அந்தக் காப்பை எஸ்.பி.எஃப். எண் காட்டாது. இதைவிடப் பெரிய கேடு, வைத்தியர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு களிம்பு. சில நாள் வெளுத்தது போலக் காட்டி, தோலைக் காகிதம் போல மெலிய வைத்து, வெயில் பட்டால் எரியும்படி செய்துவிடும். கல்யாணத்துக்கு முன் பூச ஆரம்பித்து, விட முடியாமல் தவிக்கிற பெண்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

கறுப்புக் குடை இருக்கிறதே என்று அலட்சியமாகவும் இருக்கக்கூடாது. தோல் சுருங்கும். உதடு வெடிக்கும். கண்ணில் வெள்ளை விழிமேல் சதை வளருவதும், கண்புரை முந்தி வருவதும் வெயிலின் கைவரிசையைச் சேர்ந்தவை. கறுப்புத் தோலுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தது கால் விரலில் கிளம்பிய அப்படிப்பட்ட புற்றினால்தான். அதற்கு எந்தக் களிம்பும் காப்பல்ல. நகத்தடியிலோ பாதத்திலோ புதிதாய்க் கரும்புள்ளி தோன்றி வளர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டியதுதான்.

பின்னே காசில்லாத ஜனங்கள் என்ன செய்வது? காசு வேண்டாத வழிகள்தான் களிம்பைவிட மேலானவை. வெளியில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாயிருந்தால் புற ஊதா குறைவு. நிழல் உங்களைவிடக் குட்டையாயிருந்தால் அதிகம். பஞ்சாங்கம் வேண்டாம், ராகுகாலம் எமகண்டம் பார்க்க வேண்டாம், இந்தப் பாழும் காலத்தைத் தரையே சொல்லுகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் கட்டட வேலைக்கும் போகிற நம் தாய்மார்கள் புடவைக்குமேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுகிறார்களே, அதைக் கண்டு சிரிக்கிற பட்டணத்துக்காரர்களுக்குச் சொல்லுகிறோம், நெருக்கமாய் நெய்த அந்தச் சட்டை உங்கள் 50-ம் நம்பரைவிட நம்பத்தக்கது. வியர்வையில் கரையாது, இரண்டு மணிக்கொரு தரம் பூசவும் வேண்டாம். வேலை கொடுக்கிறவர்கள் உச்சிப் பொழுதில் இரண்டு மணி நேரம் நிழலில் உட்கார விட்டு, காலையில் முந்தி ஆரம்பித்தால் போதும். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் களிம்பு அலங்காரமாக அல்லாமல் மருந்தாகவே வேண்டியவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிறக்கும்போதே நிறமில்லாமல், வெள்ளைத் தோலும் வெள்ளை முடியும் கூசும் கண்ணுமாகப் பிறக்கிற பிள்ளைகள் நம் ஊர்களிலும் உண்டு. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததால் என்றும், முன் ஜென்மத்துப் பாவம் என்றும் கதை கட்டுகிறார்கள். தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்த ஒரு பரம்பரைக் குறை ஒன்றாய்ச் சேர்ந்ததே காரணம். அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற வழக்கத்தில் அது சேருவதற்கு இடம் அதிகம். ஆப்பிரிக்காவில் தான்சானியா தேசத்தில் இப்படிப் பிறந்தவர்களின் கை கால்களில் அதிர்ஷ்டம் இருக்கிறதென்று மந்திரவாதிகள் சொன்னதை நம்பி, அவர்களை வெட்டிக் கொன்ற கொடுமை இந்த நூற்றாண்டில் நடந்தது. வெட்டுக்குத் தப்பினவர்களை வெயில் இளவயதிலேயே தோல் புற்றாகக் கொன்றது. அதே தேசத்தில் மோஷி நகரத்துத் தோல் வைத்தியசாலையில் அவர்களுக்கென்றே ‘கிளிமஞ்சாரோ சன்ஸ்கிரீன்’ என்று ஒரு களிம்பைச் செய்து, பூசும் விதமும் சொல்லிக் கொடுத்து வழங்குகிறார்கள். அங்கே எண் விளம்பரம் அல்ல, ஆயுள்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் அந்தப் புள்ளிகளில் குடையில்லை, வெயிலில் வெந்துபோகும். அதைக் குஷ்டம் என்று சொல்லி ஒதுக்குகிற மூடத்தனம் வேறு! அது குஷ்டமும் அல்ல, ஒட்டுவதும் அல்ல.

உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நிறமில்லாத ஒரு பிள்ளை படிக்குமானால், வாத்தியாரிடம் போய், அதைக் காலை அணிவகுப்பில் வெயிலில் நிறுத்தாமலும், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத முன் பெஞ்சில் உட்கார வைத்தும், தொப்பி போட அனுமதித்தும் நடத்தும்படி கேளுங்கள். தகப்பனாரிடம் சீருடையை முழுக்கையாகத் தைக்கச் சொல்லுங்கள். களிம்பு வாங்க அவருக்குச் சக்தியில்லையானால் நாலு பேர் சேர்ந்து, 30-க்குக் குறையாத எண்ணும் பி.ஏ. குறியும், காலம் கடக்காத தேதியும் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

இனி, புட்டியோ டியூபோ கையோடு கொண்டுவந்திருக்கிற தோழர்கள் மேடைப் பக்கம் வரலாம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துப் பார்ப்போம்.